செத்தவனின் காரணத்தைச் சொல்பவர் யார்? - ‘அந்த நாள்’ படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

‘அந்த நாள்’ படத்தை நாங்கள் இரண்டு தடவை பார்த்தோம். முதற்தடவை ஐந்து பேர். இரண்டாந்தடவை நாலு பேர். அந்த ஒருவர் ஏன் குறைந்தார் என்பதையும் சேர்த்தே இந்தக் குறிப்புகளை எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் ரொறன்ரோவில் ஓர் உணவகத்தின் குசினியில் இரவு வேலை செய்பவர்கள். ஒருவர் கோப்பை கழுவுகிறார், ஒருவர் மரக்கறி வெட்டுகிறார், ஒருவர் சலாட் போடுகிறார், மற்றவர்கள் அடுப்பில் நிற்கிறோம். கடை பூட்டி, அடுப்புத் துடைத்து, தரை கழுவி வெளியே வர ஒரு மணி தாண்டிவிடும். அதன்பிறகு சப்வே இல்லை. இரவு பஸ்ஸில் ஸ்காபரோவுக்கு வந்துசேர இரண்டேகால். உடம்பு களைத்துப் போயிருந்தாலும் நித்திரை உடனே வராது. அந்த நேரத்தில்தான் ஒரு வீட்டின் பேஸ்மென்ரில் படம் பார்ப்போம். பெரும்பாலும் பழைய படங்கள். இதை எழுதுகிற கை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தது. ஆனால் இதிலுள்ள யோசனைகள் எல்லோருடையவை. ஆகவே ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

இந்தப் படத்தைத் தெரிவு செய்தவர் எங்களில் மூத்தவர். ஊரில் தொலைத்தொடர்பு வேலை பார்த்தவர். குசினியில் செத்துக்கிடந்த வானொலிப் பெட்டியொன்றை வெண்ணெய் பூசும் கத்தியால் கழற்றிப் பேசவைத்த நாளிலிருந்து அவருக்கு ‘றேடியோ அண்ணை’ என்று பெயர். இங்கே அவருடைய சான்றிதழ்களை ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை. கோப்பை கழுவுபவர் அவர்தான்.

“ஒரு றேடியோக்காரன்ரை கதை. பாருங்கோடா,” என்றார்.

‘அந்த நாள்’ 1954 ஏப்ரலில் வெளிவந்தது. ஏவிஎம் தயாரிப்பு. இயக்கிய எஸ். பாலசந்தருக்கு அப்போது 27 வயது. பின்னாளில் வீணைக்காக உலகம் அறிந்த அந்தச் சங்கீதக்காரர் எடுத்த படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை, நடனமும் இல்லை. திரைக்கதையையும் வசனத்தையும் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடிக்கிறார். களம் 1943 ஒக்ரோபர், சென்னை. யப்பானிய விமானம் ஒன்று வந்து குண்டு போட்ட நேரம். திருவல்லிக்கேணியில் ராஜன் என்ற வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறான். படம் தொடங்கிய உடனேயே சிவாஜி கணேசன் செத்துவிடுகிறார். மிச்சம் முழுவதும் விசாரணை.

சந்தேக நபர்கள் ஐந்து பேர். அயலவர் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, தம்பியின் மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்பிலிருந்த அம்புஜம், ராஜனின் மனைவி உஷா. முதல் நாலு பேரின் வாக்குமூலங்களும் ஒரு வட்டமாக ஓடுகின்றன. சின்னையா பிள்ளை பட்டாபியைக் காட்டுகிறார். பட்டாபி தன் மனைவியைக் காட்டுகிறான். ஹேமா அம்புஜத்தைக் காட்டுகிறாள். அம்புஜம் திரும்பிச் சின்னையா பிள்ளையைக் காட்டுகிறாள். ஒவ்வொருவரும் மற்றவருக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள்: சொத்துப் பங்கு, காசு, பொறாமை, கோபம்.

முதற்தடவை பார்த்தபோது நாங்கள் சாதாரண ரசிகர்களைப்போலவே கொலையாளியைத் தேடிக்கொண்டிருந்தோம். பந்தயமும் கட்டினோம். இரண்டாந்தடவைதான் வேறொன்று தெரிந்தது. இந்த நாலு பேரும் சொல்கிற காரணங்கள் குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பற்றி எங்களுக்கு அதிகம் சொல்வதில்லை. சொல்பவர் எதை மனதில் வைத்து உழல்கிறார் என்பதைத்தான் சொல்கின்றன. காசுக் கணக்கோடு வாழ்பவர் காசைக் காரணமாகக் காண்கிறார். வீட்டுக்குள் மனைவியின் வாய்க்குப் பயந்தவன் மனைவியிடம் கொலைவெறியைக் காண்கிறான். பிறருடைய உள்நோக்கத்தை ஊகிக்கும்போது நாம் எடுப்பது எங்கள் வீட்டுச் சாமான்தான்.

பாலசந்தர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தைப் பார்த்துத் தூண்டப்பட்டவர் என்பது எல்லோரும் எழுதுகிற விடயம். 1950இல் வந்த அந்தப் படம் 1951இல் வெனிஸ் விழாவில் முதற்பரிசு பெற்றது. 1952இல் இந்தியாவில் நடந்த முதலாவது சர்வதேசத் திரைப்பட விழாவிலும் காட்டப்பட்டது. ஆனால் ஒற்றுமையோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். எங்களுக்கு வேற்றுமைதான் முக்கியமாகப்பட்டது. இரண்டைச் சொல்லலாம்.

முதலாவது. ‘ரஷோமோன்’ படத்தில் கள்வன் தானே கொன்றதாகச் சொல்கிறான். மனைவி தன் கையிலிருந்த கத்தியின் பக்கம் கதையைக் கொண்டுபோகிறாள். இறந்த சாமுராய் தன்னைத் தானே குத்திக்கொண்டதாகச் சொல்கிறான். எல்லோரும் அந்த மரணத்தைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். அதிலே ஒரு மானப் பிரச்சினை இருக்கிறது. எங்கள் படத்திலோ எல்லோரும் அதைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுகிறார்கள். சூடான சட்டியைக் கைமாற்றுவது மாதிரி.

இரண்டாவதுதான் பெரியது. ‘ரஷோமோன்’ படத்தில் செத்தவன் பேசுகிறான். உருவந்து ஆடும் ஒரு பெண்ணின் வாயால் அவன் தன் பக்கத்தைச் சொல்கிறான். அது உண்மையா பொய்யா என்பது வேறு. அவனுக்கும் ஒரு முறை கொடுக்கப்படுகிறது. ‘அந்த நாள்’ படத்தில் ராஜனுக்கு அந்த முறை இல்லை. அவனை நாங்கள் காண்பதெல்லாம் மற்றவர்கள் சொல்லும் கதைகளுக்குள்தான். ஒருவர் வாயில் கஞ்சன், இன்னொருவர் வாயில் ஒழுக்கமற்றவன். கடைசியில் உஷாவின் வாயில் அவன் தேசத்துரோகி. இந்தக் கடைசிக் கதையை மட்டும் படம் உண்மை என்று முத்திரை குத்தி விசாரணையை முடித்துவிடுகிறது. நாலு கதைகளைச் சந்தேகிக்கக் கற்றுத்தந்துவிட்டு ஐந்தாவதை நம்பு என்கிறது.

இதைக் கவனித்தபோது எங்களுக்கு ‘பராசக்தி’ ஞாபகம் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன், 1952இல், இதே சிவாஜி குணசேகரனாக நீதிமன்றக் கூண்டில் நின்றார். பர்மாவிலிருந்து யுத்தத்தால் துரத்தப்பட்டு வந்த அகதி அவன். தான் செய்ததை ஏன் செய்தேன் என்பதைத் தன் வாயாலேயே சொன்னான். தமிழ்நாடே அதைக் கேட்டு மனப்பாடம் செய்தது. ‘பராசக்தி’யிலும் அவரோடு நடித்த பண்டரிபாய்தான் இங்கே உஷா. ஆனால் அந்தப் பெரிய குரலைப் பாலசந்தர் முதற்காட்சியிலேயே நிறுத்திவிட்டார். குணசேகரனுக்குக் கிடைத்த கூண்டு ராஜனுக்குக் கிடைக்கவில்லை.

எங்களுக்கு இது ஏன் உறைத்தது என்றால், நாங்கள் எல்லோருமே ஒருமுறை விசாரணை மேசைக்கு முன்னால் இருந்தவர்கள். ஊரைவிட்டு ஓடி வந்தது எல்லோருக்கும் பொதுவான செயல்தான். ஏன் ஓடினாய் என்பதே கேள்வி. 1951ஆம் வருட அகதிகள் சாசனம் உயிர்ப்பயத்தை ஏற்கும். வெறும் வறுமையை ஏற்காது. ஒரே மனிதனுக்குள் இரண்டும் கலந்து கிடந்தால் எதை எடுத்து முன்னால் வைப்பது? படிவத்தில் எழுதிய திகதியும் வாயால் சொன்ன திகதியும் ஒரு கிழமை வேறுபட்டால் பொய்யன். எங்களுக்குத் தெரிந்த இரண்டு சகோதரர்கள் ஒரே இரவைப் பற்றி இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒருவன் அறைக்குள் இருந்தவன், மற்றவன் கிணற்றடியில் இருந்தவன். குரோசாவாவாக இருந்தால் இரண்டையும் கேட்டிருப்பார். ஆனாலும் அங்கே எங்கள் காரணத்தை நாங்களே சொன்னோம், மொழிபெயர்ப்பாளர் வழியாகவேனும். ராஜனுக்கு அதுவும் இல்லை.

சரி, உஷா சொல்லும் ராஜன் யார்? திறமையுள்ளவன். வானொலித் துறையில் அவனுக்குப் பெரிய கனவுகள் உண்டு. அவனுடைய திறமையை இங்கே மதிப்பாரில்லை. கதவுகள் சாத்தப்பட, அந்தக் கசப்பு அவனை யப்பானியருக்கு உளவு சொல்பவனாக ஆக்குகிறது. உஷாவோ மாணவப் பருவத்திலிருந்தே சுதந்திர உணர்வு கொண்டவள். அவனைத் தடுக்கப் பார்க்கிறாள். முடியவில்லை. கடைசியில் துப்பாக்கி அவள் கையில் இருக்கிறது, அது வெடிக்கிறது.

முதற்தடவை இந்த இடம் வந்தபோது றேடியோ அண்ணை படத்தை நிற்பாட்டிவிட்டார்.

“அவன் செய்தது பிழை. அதிலை கதையில்லை. ஆனா அவன் ஏன் அப்பிடிப் போனவன் எண்டது எனக்கு விளங்குது. படிச்ச படிப்பைக் குப்பையிலை போடு எண்டு சொன்னால் மனிசன் கறுத்துப்போவான்.”

எங்களில் இளையவன் விடவில்லை. “விளங்குது எண்டால் சரி எண்டுதானே அண்ணை அர்த்தம்?”

“இல்லையடா தம்பி. விளங்கிறது வேறை, சரியெண்டுறது வேறை. விளங்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது எண்டுதான் சொல்லுறன்.”

அன்றைக்கு விடியும்வரை வாதம் நடந்தது. சரித்திரமும் உள்ளே வந்தது. யப்பானியக் குண்டு எங்கள் பக்கத்து மூத்தவர்களுக்குப் புதிதல்ல. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் அவர்கள் குண்டு போட்டார்கள். அந்த மாதமே சென்னையில் பீதி பரவி, சனங்கள் ஊரைக் காலி செய்து உள்நாட்டுக்குப் போனார்கள். 1995 ஒக்ரோபரில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தைவிட்டு நடந்த சனத்தில் சிறு பிள்ளைகளாக இருந்த எங்களுக்கு அந்தக் காட்சியை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. குண்டு விழுவது அரசாங்கத்தின் தலையில் அல்ல, சனத்தின் தலையில். அந்தளவில் உஷாவின் பக்கம் நியாயம் பலமானது. அதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் இதையும் பாருங்கள். படத்தில் ராஜன் கொல்லப்படும் நாள் 1943 ஒக்ரோபர் 11ஐ ஒட்டியது. அதே மாதம் 21ஆம் திகதி சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். யப்பானியரின் துணையோடுதான். அவருடைய இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் ஏராளம். 1945 நவம்பரில் அந்த இராணுவத்தின் அதிகாரிகளைச் செங்கோட்டையில் வைத்து விசாரித்தபோது காங்கிரஸே அவர்களுக்காக வழக்காடியது. அப்படியென்றால், யப்பானியரோடு சேர்ந்தான் என்ற செயல் மட்டும் ஒருவனைத் துரோகியாக்கவில்லை. ஒருவர் வீரர், மற்றவன் துரோகி. பிரிக்கிற கோடு காரணத்தில் இருக்கிறது: போஸ் நாட்டுக்காகப் போனார், ராஜன் தன் கசப்புக்காகப் போனான்.

சரி. ராஜனின் காரணம் அதுதான் என்று எங்களுக்குச் சொன்னது யார்? அவன் சாகும்போது கையில் துப்பாக்கியோடு நின்றவள்.

நாங்கள் உஷா பொய் சொல்கிறாள் என்று சொல்லவரவில்லை. அவள் சொல்வது முழுவதும் உண்மையாக இருக்கலாம். பண்டரிபாய் அழுகிற அழுகையில் ஒரு பொய்யும் இல்லை. எங்கள் வாதம் வேறு. நாட்டுக்காக என்ற காரணம் வந்தவுடன் படத்தின் சந்தேகம் முழுக்க அணைந்துவிடுகிறது. சொத்து, காசு, பொறாமை என்ற காரணங்களைத் தோண்டித் துருவிப் பார்த்த சிவானந்தம் இந்தக் காரணத்தின் முன் தொப்பியைக் கழற்றாத குறையாக நிற்கிறார். 1954இல், சுதந்திரம் கிடைத்து ஏழு வருடத்தில், வேறு விதமாக முடித்திருக்க முடியாது என்று சொல்லலாம். பாட்டை எடுத்துவிடத் துணிந்த பாலசந்தருக்கு அந்தத் தீர்ப்பை எடுத்துவிடத் துணிவு வரவில்லை. மனைவி கணவனைச் சுட்ட கதையைத் தமிழ்ச் சபையில் சொல்ல வேண்டுமென்றால் கணவன் முழுத் துரோகியாக இருந்தே ஆகவேண்டும். எங்கள் பார்வையில் இந்தப் படத்தின் பெரிய பலவீனம் இது. ஐந்தாவது கதையையும் மற்ற நாலைப்போல் திறந்து விட்டிருந்தால் இது உலகப் படமாகியிருக்கும்.

‘துரோகி’ என்ற சொல்லை நாங்கள் இலேசாகக் கேட்க முடியாதவர்கள். எண்பதுகளில் எங்கள் ஊர்களில் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்தில் அட்டை தொங்கியது. எங்களில் மூத்தவர் பள்ளிக்கூடம் போகிற வழியில் கண்டவர். அட்டையில் பெயர் இருந்ததோ இல்லையோ, காரணம் இருந்தது. அதை எழுதியது செத்தவன் அல்ல. வாசித்த சனம் ‘சும்மா சுடுவாங்களே, ஏதாவது இருக்கும்’ என்று சொல்லிக்கொண்டு போனது. ராஜனின் கதை முடிந்தபோது நாங்களும் அதைத்தான் சொன்னோம்.

இனி அந்த ஒருவர் குறைந்த விடயம்.

முதற்தடவை படம் பார்த்து மூன்று மாதம் இருக்கும். குசினியின் ஆழ்குளிர் அறையில் இரண்டு பெட்டி இறால் குறைந்தது. முதலாளி எங்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். அவர் சத்தம் போடவில்லை. யார் எடுத்திருப்பார் என்று நினைக்கிறாய் என்று மட்டும் கேட்டார். நாங்கள் ஒருவரும் கண்டதைச் சொல்லவில்லை, ஏனென்றால் ஒன்றையும் காணவில்லை. காரணம் சொன்னோம். ஒருவர் சொன்னார், றேடியோ அண்ணைக்கு மகளின் கலியாணச் செலவு இருக்கிறது என்று. இன்னொருவர் சொன்னார், அவர் சீட்டுக்காசு இரண்டு மாதம் கட்டவில்லை என்று. மூன்றாமவர் சொன்னது, படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை என்ற கோபம் அவருக்கு எப்போதும் உண்டு என்று. நாலாவது ஆள் அதற்கும் ஒருபடி மேலே போய், திருடனுக்கும் துரோகிக்கும் பரிந்து பேசுகிறவர் அவர், ஒரு படம் பார்க்கும்போதே தெரிந்தது என்று சொன்னார்.

ஒவ்வொன்றும் உண்மை. கலியாணச் செலவு இருந்தது. சீட்டு நின்றிருந்தது. கோபமும் இருந்தது. நாலு உண்மைகளைச் சேர்த்து ஒரு பொய்யைச் செய்தோம். தேவை உள்ளவன் எடுத்திருப்பான் என்ற கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்தக் குசினியில் எங்களில் யாருக்குத்தான் தேவை இல்லை? அண்ணையையும் கடைசியாகக் கூப்பிட்டார்கள். அவருடைய ஆங்கிலம் அவசரத்தில் தடுமாறும். என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. ஏப்ரனை மடித்துக் கோப்பை கழுவும் தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். எங்களில் ஒருவரைப் பார்த்துத் தலையசைத்தார் என்று நினைக்கிறோம். அதிலும் எங்களுக்குள் ஒரு கதை இல்லை. அசைத்தார் என்று இரண்டு பேர், இல்லை என்று இரண்டு பேர்.

பதினொரு நாள் கழித்து இறால் கொண்டுவருபவர் கணக்குப் பார்த்தபோது, அனுப்பாத இரண்டு பெட்டிக்கும் சேர்த்து பில் போட்டிருந்தது தெரியவந்தது. முதலாளி ‘அப்படியா’ என்றார். புதுப் பையன் ஏற்கெனவே கோப்பை கழுவத் தொடங்கிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் படத்தை இரண்டாந்தடவை போட்டோம். இந்த விமர்சனம் அங்கே தொடங்கியது. சின்னையா பிள்ளையும் பட்டாபியும் ஹேமாவும் அம்புஜமும் வரிசையாக வந்து பேச, எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டார். முதற்தடவை நாங்கள் ரசித்த இடமெல்லாம், நடிப்பு, வெளிச்சமும் நிழலும், ஒவ்வொருவர் கதைக்கும் ராஜனின் முகத்தைச் சிவாஜி மாற்றுகிற விதம், எல்லாம் அப்படியேதான் இருந்தன. சிவாஜியின் நடிப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் ஒரு பாத்திரத்தை நடிக்கவில்லை. ஐந்து பேர் கண்ட ஐந்து ராஜன்களை நடிக்கிறார். ஆறாவது ராஜன், ஒருவரும் காணாதபோது இருந்த ராஜன், படத்தில் வருவதேயில்லை. அதை அவர் எங்கேயோ மறைத்து வைத்துக்கொண்டு நடிக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

இந்தப் படம் அந்தக் காலத்தில் பெரிதாக ஓடவில்லை. தேசிய அளவில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. பாலசந்தர் பின்னாளில் ‘பொம்மை’, ‘நடு இரவில்’ என்று மர்மப் படங்கள் எடுத்தார். அவற்றிலும் சந்தேகங்கள் உண்டு; ஆனால் சந்தேகப்படுகிறவனையே சந்தேகிக்கவைக்கும் இந்தக் கட்டமைப்பு ‘அந்த நாள்’ படத்துக்கே உரியது. பாதிப் பாதையில் நின்றுவிட்டாலும் அந்தப் பாதையில் முதலில் இறங்கிய தமிழ்ப் படம் இதுதான். பார்க்காதவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும். பார்த்தவர்கள் இன்னொருமுறை பார்க்கவேண்டும்.

றேடியோ அண்ணை இப்போது வேறொரு நகரத்தில் வேலை செய்கிறார். நம்பர் எடுத்துக் கதைத்தோம். மன்னிப்புக் கேட்பதற்கு ஆயத்தமாகத்தான் எடுத்தோம். அவர் அதற்கு இடம் வைக்கவில்லை. குளிர் எப்படி, பஸ் நேரத்துக்கு வருகுதா என்று கேட்டார். நாங்கள் படத்தைத் திரும்பவும் பார்த்ததாகச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அடுத்தமுறை பாக்கேக்கை, அந்தப் பிள்ளை உஷா கதைக்கத் தொடங்க முன்னம் நிப்பாட்டிப்போட்டுப் பாருங்கோ. அதுவரைக்கும் உங்களுக்கு ராஜனைப் பற்றி என்ன தெரியும் எண்டு ஒரு கடுதாசியிலை எழுதுங்கோ,” என்றார்.

நாங்கள் எழுதிப் பார்த்தோம். பெயர், தொழில், வீடு இருந்த இடம், செத்த நாள். அதற்கு மேல் எழுத ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருவர் அதே கடுதாசியின் மறுபக்கத்தில் றேடியோ அண்ணையைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும் என்று எழுதத் தொடங்கினார். அதிலும் நாலு வரிதான் வந்தது.